சாய்ந்து உட்காரவா, நிமிர்ந்து உட்காரவா?

புது பைக் வாங்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலானோர் ஷோரூமுக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். இன்னொரு தரப்பு இருக்கிறது. வட்ட ஹெட்லைட்டும் குரோம் மினுக்கும் கண்ணீர்த்துளி போன்ற பெட்ரோல் டேங்கும்தான் அவர்களைக் கடைக்குள் இழுத்து வந்திருக்கும். அவர்களின் குழப்பம் வேறு. பழைய புல்லட்டின் சாயலில் வரும் கிளாசிக் வண்டியை எடுப்பதா, கொஞ்சம் கூடுதலாகப் பணம் போட்டு, தாழ்ந்த சீட்டும் முன்னே நீளும் கால்களுமாக ஒரு பெரிய க்ரூஸரை எடுப்பதா?

வாரக்கணக்கில் யூடியூப் பார்த்தும் இந்தக் குழப்பம் தீராமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே கேள்வி போலத் தெரியும் இது, உண்மையில் இரண்டு கேள்விகளின் முடிச்சு. எப்படி உட்கார்ந்து ஓட்டப்போகிறோம் என்பது ஒன்று. எவ்வளவு பெரிய என்ஜின் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை உடம்பிலும் ஊர்ச் சாலையிலும் இருக்கிறது. பின்னதற்கு விடை பெரும்பாலும் வரிக் கணக்கில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள வெளியூர் போக வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்தில் பிறந்த ராயல் என்ஃபீல்டு, மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்துச் சென்னை வந்தது 1955-இல். திருவொற்றியூரில் தொடங்கிய அந்தத் தயாரிப்பு, இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பரந்து நடக்கிறது. இந்த ஒரே நிறுவனம் கிளாசிக் 350, மீட்டியோர் 350, கிளாசிக் 650, சூப்பர் மீட்டியோர் 650 என நான்கு வண்டிகளை விற்கிறது. கிளாசிக் பெயர் கொண்ட இரண்டும் நிமிர்ந்து உட்காரும் வண்டிகள்; மீட்டியோர் பெயர் கொண்ட இரண்டும் க்ரூஸர்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்று சிறியது, ஒன்று பெரியது. முடிச்சை அவிழ்க்க இந்த நால்வரே போதும்.

இரண்டு நாடுகள், இரண்டு உட்காரும் முறைகள்

கிளாசிக் என்று இன்று அழைக்கப்படும் வடிவம், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளின் வடிவம். அங்கே சாலைகள் குறுகலானவை, வளைவுகள் அதிகம், ஊருக்கு ஊர் தூரம் குறைவு. ஓட்டுபவர் முதுகை நிமிர்த்தி உட்காருவார். கால்கள் இடுப்புக்கு நேர் கீழே, சற்றே பின்வாங்கி இருக்கும். வண்டியைத் திருப்பவும் நிறுத்தவும் கிளப்பவும் வசதியான நிலை அது. 1955 வாக்கில் நம் ராணுவத்துக்காக இங்கே வந்த புல்லட்டின் உட்காரும் முறையும் இதுவே. அதனால்தான் அதை ஓட்டிய தலைமுறைக்குக் கிளாசிக் அந்நியமாகத் தெரிவதில்லை.

க்ரூஸர் அமெரிக்க நெடுஞ்சாலையின் பிள்ளை. திருப்பமே இல்லாமல் மணிக்கணக்கில் நீளும் நேர்சாலையில், கியரை மாற்றாமல் ஒரே வேகத்தில் போவதற்காகப் பிறந்தது. சீட் தாழ்ந்திருக்கும், ஹேண்டில்பார் ஓட்டுபவரை நோக்கி வளைந்து வரும், கால் வைக்கும் இடம் முன்னால் தள்ளியிருக்கும். 1969-இல் வந்த 'ஈஸி ரைடர்' திரைப்படம் இந்த பாணியை உலகம் முழுக்க ஒரு விடுதலைக் கனவாகவே ஆக்கிவிட்டது. இந்தியாவில் 2001-இல் பஜாஜ், கவாஸாகியுடன் சேர்ந்து எலிமினேட்டரைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு என்ஃபீல்டின் தண்டர்பேர்டு வந்தது. 2005-இல் வந்த பஜாஜ் அவெஞ்சர்தான் இந்த வகையை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டச் செய்தது.

நின்றுகொண்டிருக்கும்போது தெரியும் வித்தியாசம்

கிளாசிக் 350-இல் இருப்பது 349 சி.சி. கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர் என்ஜின். சுமார் 20 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. சூப்பர் மீட்டியோர் 650-இல் 648 சி.சி. இரட்டை சிலிண்டர் என்ஜின். சுமார் 46 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர். விளம்பரங்களும் விமர்சனங்களும் இந்த எண்களைச் சுற்றியே ஓடும். ஆனால் வாங்கிய முதல் வாரத்தில் ஓட்டுபவர் உணரப்போகும் வித்தியாசம் என்ஜினில் இல்லை, எடையில்.

கிளாசிக் 350 பெட்ரோலுடன் 195 கிலோ. சூப்பர் மீட்டியோர் 241 கிலோ. இடையில் 46 கிலோ. கிட்டத்தட்ட ஒரு மூட்டை சிமெண்ட். 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்த எடை மறந்தே போகும். வண்டி தன்னைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும். வேகம் பூஜ்ஜியத்தை நெருங்கும்போதுதான் எடை தன் வேலையைக் காட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் சரிவுப் பாதையில் வண்டியைப் பின்னால் தள்ளும்போதும், நெருக்கமான பார்க்கிங்கில் பக்கத்து ஸ்கூட்டியை உரசாமல் வெளியே எடுக்கும்போதும், மழைச்சேற்றில் ஒரு கால் வழுக்கும்போதும் அந்த 46 கிலோ முழுசாக ஓட்டுபவரின் இடுப்பில் இறங்கும்.

நீளத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலான தூரம் கிளாசிக்கில் 1,390 மில்லிமீட்டர், சூப்பர் மீட்டியோரில் 1,500. இந்த நீளம் நெடுஞ்சாலையில் வண்டியைக் கோடு பிடித்தாற்போல ஓடவைக்கும். மதுரை மாசி வீதிகளிலோ சென்னை சௌகார்பேட்டையிலோ யூ-டர்ன் அடிக்கும்போது அதே நீளம் கூடுதலாக ஓர் எட்டு இடம் கேட்கும்.

உயரக் கணக்கு மட்டும் நேர்மாறானது. சீட் உயரம் கிளாசிக் 350-இல் 805 மில்லிமீட்டர், சூப்பர் மீட்டியோரில் 740. உயரம் குறைந்தவர் கிளாசிக்கில் ஏறினால் நுனிக்காலில் நிற்க நேரிடும். பெரிய க்ரூஸரில் அவருக்கே இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும். "பெரிய வண்டி, நமக்கு எட்டாது" என்று ஏறிப்பார்க்காமலே ஒதுக்குவது ஒரு தவறு. கால் எட்டிவிட்டது என்பதற்காகவே வண்டி கட்டுப்பட்டுவிடும் என்று நினைப்பது அதற்கு எதிர்ப்பக்கத் தவறு. கால் தரையில் பதிவது சிக்னலில் நிற்க உதவும். தள்ளுவதற்கு எடைதான் கணக்கு.

இந்த இடத்தில்தான் மீட்டியோர் 350 கவனிக்க வேண்டியதாகிறது. கிளாசிக் 350-இல் உள்ள அதே 349 சி.சி. என்ஜின்தான் இதிலும், சொல்லப்போனால் அந்த என்ஜின் முதலில் வந்ததே 2020 நவம்பரில் அறிமுகமான இந்த வண்டியில்தான், கிளாசிக்குக்கு 2021-இல்தான் போனது. சீட் உயரம் 765 மில்லிமீட்டர், எடை 191 கிலோ. க்ரூஸர் உட்காருமுறை பிடித்திருக்கிறது, பெரிய எடை வேண்டாம் என்பவருக்கு விடை இங்கேயே இருக்கிறது. மறுபக்கம், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே பெரிய என்ஜின் வேண்டும் என்பவருக்காக 2025 மார்ச்சில் கிளாசிக் 650 வந்தது. அதன் எடை 243 கிலோ. சூப்பர் மீட்டியோரைவிடக்கூட இரண்டு கிலோ அதிகம். சீட் உயரமோ 800 மில்லிமீட்டர். எடையும் உயரமும் ஒருசேரக் கூடிய வண்டி என்பதால், நல்ல உயரமும் உடல் வலுவும் உள்ளவர்களே அதைப் பற்றி யோசிப்பது நல்லது.

முதுகும் வேகத்தடையும்

க்ரூஸரின் முன்தள்ளிய கால்கள் பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் உடம்பின் பாரம் முழுவதும் எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். கிளாசிக்கில் பாதங்கள் உடம்புக்குக் கீழே இருப்பதால், பள்ளம் வருவது தெரிந்ததும் ஓட்டுபவர் கால்களை ஊன்றிச் சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்ளலாம். அதிர்ச்சியை முழங்கால்கள் வாங்கிக்கொள்ளும். க்ரூஸரில் கால்கள் முன்னால் நீண்டிருப்பதால் அப்படி எழ முடியாது. பின்சக்கரத்தில் இறங்கும் குத்து நேராக முதுகுத்தண்டின் அடியைத் தேடி வரும். நல்ல சாலையில் க்ரூஸர் தரும் சுகம் கிளாசிக்கில் கிடைக்காது. தோண்டிப் போட்ட சாலையில் கிளாசிக் தரும் தப்பிக்கும் வழி க்ரூஸரில் கிடைக்காது.

வேகத்தடை இன்னொரு தலைவலி. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெதுவான மேடாக இருக்க வேண்டும். ஊருக்குள் இரவோடு இரவாகப் போடப்படும் மேடுகள் எந்த வழிகாட்டுதலையும் கேட்டுக்கொண்டு எழுவதில்லை. கிளாசிக் 350-இன் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே 170 மில்லிமீட்டர் இருக்கிறது. சூப்பர் மீட்டியோருக்கு 135. பின்னால் ஒருவர் உட்கார்ந்து ஸ்பிரிங் அமுங்கினால் அதுவும் குறையும். நீளமும் கூடிய வண்டி என்பதால், செங்குத்தான குறுகிய மேட்டில் அடிவயிறு தட்டாமல் போக ஊர்ந்துதான் கடக்க வேண்டும். தினமும் வீட்டுக்குப் போகும் வழியில் இப்படி நான்கைந்து மேடு இருப்பவர், வண்டி வாங்குமுன் அவற்றை எண்ணிப் பார்ப்பது நல்லது.

நெடுஞ்சாலை யாருக்கு?

க்ரூஸருக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய வாதம் நெடுந்தூரப் பயணம். அதில் உண்மை இருக்கிறது. கிளாசிக் 350 மணிக்கு 80, 90 கிலோமீட்டரில் நிதானமாக ஓடும். அதற்கு மேல் போனால் என்ஜின் சிரமப்படுவது காதுக்கும் கைக்கும் தெரியும். லாரியை முந்த வேண்டுமானால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். 650 என்ஜினுக்கு அந்த வேகம் ஒரு பொருட்டே இல்லை. எடை கால் பங்குதான் கூடியிருக்கிறது, திறனோ இரண்டு மடங்குக்கு மேல். ஆறு கியர் இருப்பதால் என்ஜின் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். நாள் முழுக்க ஓட்டிச் சேரும் ஊரில் கைகளில் விறுவிறுப்பு குறைவாக இருக்கும்.

ஆனால் அந்தத் திறனைச் செலவழிக்க இடம் எங்கே என்பதையும் கேட்க வேண்டும். சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்த வரம்பு இருசக்கர வாகனங்களுக்கு மணிக்கு 50 கிலோமீட்டர். குடியிருப்புப் பகுதிகளில் 30. மும்பை-புனே விரைவுச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பெங்களூரு-மைசூரு விரைவுச் சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் அவை தடை செய்யப்பட்டன. இந்தத் தடையில் 100 சி.சி., 650 சி.சி. என்ற பேதம் கிடையாது. க்ரூஸருக்கென்றே போட்டது போன்ற நேர்சாலைகள் நாட்டில் பெருகுகின்றன. அவற்றில் சில, பைக்குகளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டே பிறக்கின்றன.

காற்றும் ஒரு காரணி. க்ரூஸரில் நெஞ்சு நிமிர்ந்து, கைகள் விரிந்திருக்கும். வேகம் கூடக் கூட காற்று உடம்பைப் பின்னுக்குத் தள்ளும். ஓட்டுபவர் ஹேண்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். இதனால்தான் சூப்பர் மீட்டியோரின் டூரர் வகையில் பெரிய விண்ட்ஸ்கிரீன் பொருத்தித் தருகிறார்கள். தொலைதூரப் பயணமே நோக்கம் என்றால், அந்தக் கண்ணாடியை அலங்காரம் என்று நினைத்துக் கழித்துவிடக் கூடாது.

மலைப்பாதையில் ஆட்டம் மாறும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து, வண்டி சாய்ந்து, மறுபடி கிளம்ப வேண்டும். தாழ்ந்த க்ரூஸரை அதிகம் சாய்த்தால் கால்வைக்கும் கம்பி தரையைக் கீறும். இங்கே குட்டையான, எடை குறைந்த கிளாசிக்குக்கு வளைவது சுலபம். ஏற்றத்தில் என்ஜினின் இழுவை 650-க்கு. திருப்பத்தில் லாவகம் 350-க்கு.

பின்சீட்டில் இருப்பவரின் வாக்கு

வண்டி விமர்சனங்களில் அதிகம் பேசப்படாதவர் பின்னால் உட்காருபவர். நம் ஊரில் அந்தச் சீட்டில் மனைவி புடவையோடு ஒருபக்கமாக உட்காரலாம், அம்மா உட்காரலாம், பள்ளிப்பையோடு குழந்தை உட்காரலாம். பின்சீட்டுக்காரர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க இடமும், துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மூடும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி சொல்கிறது. இவை எல்லா வண்டிக்கும் பொது.

அதைத் தாண்டிய வசதியில்தான் வேறுபாடு. க்ரூஸரில் ஓட்டுபவரின் சீட் ஒரு சிம்மாசனம் என்றால், பின்சீட் பெரும்பாலும் மட்கார்டின் மேல் ஒட்டவைத்த சிறிய மெத்தைதான். ஓட்டுபவர் தாழ்ந்தும் பின்னால் இருப்பவர் உயர்ந்தும் உட்காருவதால், பிரேக் பிடிக்கும்போது அவர் முன்னால் சரிவார். முதுகுச் சாய்மானம் வைத்தால் பயணம் கொஞ்சம் மேம்படும். வாரத்தில் ஐந்து நாள் இருவராகப் போகிறவர்கள், டெஸ்ட் ரைடுக்கு அந்த இரண்டாமவரையும் அழைத்துச் செல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்த வண்டி வேண்டாம்.

350 என்ற கோடு

என்ஜின் அளவு பற்றிய இரண்டாவது கேள்விக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 வரை 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு கூடுதலாக 3 சதவீத மேல்வரி. வித்தியாசம் பெரிதில்லை. அந்தத் தேதியில் அமலுக்கு வந்த மாற்றத்தில் 350 சி.சி. வரை 18 சதவீதமாக இறங்கியது; அதற்கு மேல் 40 சதவீதமாக ஏறியது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரிக்கு முந்தைய விலை ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முன்பு இரு பிரிவுக்கும் இடையே வரியில் இருந்த இடைவெளி 3,000 ரூபாய். இப்போது 22,000. பெரிய வண்டியின் அடிப்படை விலையே கூடுதல் என்பதால் உண்மையான இடைவெளி இன்னும் அகலம். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புது பைக்குக்கு ஆயுட்கால சாலை வரி வண்டி விலையில் 12 சதவீதம். விலை ஏறினால் அதுவும் தானாக ஏறும்.

இன்சூரன்ஸிலும் இதே கோடுதான். புது பைக்குக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்க வேண்டும். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 150 முதல் 350 சி.சி. வரை 7,365 ரூபாய். அதற்கு மேல் 15,117 ரூபாய். இரண்டு மடங்குக்கு மேல்.

கிளாசிக்கின் 349, ஹோண்டா சிபி 350-இன் 348, ஜாவா 350-இன் 334 ஆகிய என்ஜின்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கின்றன. டிரையம்ப் ஸ்பீடு 400, ஹார்லி-டேவிட்சன் எக்ஸ் 440 இரண்டும் 650 அளவுக்குப் பெரியவை அல்ல என்றாலும், ஜி.எஸ்.டி. அட்டவணையில் 650-உடன்தான் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன.

வாங்கிய பிறகான செலவும் உண்டு. ஓட்டுபவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கில் கிளாசிக் 350 லிட்டருக்கு 35 கிலோமீட்டரைச் சுற்றியும், 650 என்ஜின் 25-ஐ ஒட்டியும் கொடுக்கின்றன. கிளாசிக்கின் டேங்க் 13 லிட்டர், சூப்பர் மீட்டியோருடையது 15.7 லிட்டர். பெருக்கிப் பார்த்தால் சிறிய டேங்க் 450 கிலோமீட்டர் வரை போகிறது, பெரிய டேங்க் 390-இல் நின்றுவிடுகிறது. 650-இன் பின்டயர் அகலம் கூடியது, விலையும் கூடியது.

டயர் என்றதும் பஞ்சர். கம்பிச் சக்கரம் கொண்ட கிளாசிக் வகைகளில் உள்ளே டியூப் இருக்கும். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அலாய் சக்கரம் உள்ள கிளாசிக், மீட்டியோர் வகைகள் டியூப்லெஸ். ஆணி குத்தினாலும் காற்று மெதுவாக இறங்கும், சக்கரத்தைக் கழற்றாமலே சொருகி அடைத்துவிட்டுப் போகலாம். கம்பிச் சக்கரத்தின் அழகுக்காக அலாயை வேண்டாம் என்கிறவர், இரவில் திண்டிவனம் தாண்டி ஒரு பஞ்சர் கடையைத் தேடும் நிலையையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன்

ஷோரூம் வாசலில் ஒரு சுற்று அடிப்பது டெஸ்ட் ரைடு ஆகாது. முடிந்தால் நெரிசல் நேரத்தில், தினமும் போகும் வழியிலேயே ஓட்டிப்பார்க்கக் கேட்க வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைப் பின்னோக்கிப் பத்தடி தள்ளிப்பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்த வேண்டும். ஒரு வேகத்தடையில் இருவராக ஏறி இறங்க வேண்டும். அரை மணி நேரத்தில் இடுப்பு எதுவும் சொல்லவில்லை என்றால் இரண்டாவது முறையும் போய் நீண்ட நேரம் ஓட்டிப்பார்க்கலாம். க்ரூஸரின் முதுகுவலி முதல் பத்து நிமிடத்தில் வருவதில்லை.

வருடத்துக்கு இரண்டு முறை லடாக், கோவா என்று கிளம்பி, மற்ற நாளில் அலுவலகத்துக்கு ரயிலில் போகிறவருக்கு 650 க்ரூஸர் பொருந்தும். அவர் வண்டியை ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலைதான். அலுவலகம், மளிகைக் கடை, பிள்ளையின் டியூஷன், வாரக்கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி என்று ஓடுகிறவருக்குக் கிளாசிக் 350 எல்லாவற்றையும் செய்துவிடும். அவருக்கே தாழ்ந்த சீட் தேவைப்பட்டால் மீட்டியோர் 350. பெட்ரோல், பஞ்சர் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் 650-இலேயே நிற்கிறது என்றால், ஆன்-ரோடு விலையை ஒரே தொகையாகக் கேட்காமல், ஜி.எஸ்.டி., சாலை வரி, இன்சூரன்ஸ், கூடுதல் உதிரிபாகங்கள் எனத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். அந்தத் தாளுக்குப் பக்கத்தில் 350-க்கான தாளையும் வைத்துப் பார்த்து, இடையில் விழும் தொகையில் எத்தனை ஆண்டு பெட்ரோல் போடலாம் என்று கணக்கிட்ட பிறகு முன்பணம் கட்டலாம்.